தண்ணீரில் நின்ற தாகம்

அத்தியாயம் 6

“தொடாதே!”

பேராசிரியர் போட்ட கூச்சலில் வாலுவின் விரல் கண்ணாடித் தட்டுக்கு ஒரு அங்குலம் மேலே அப்படியே நின்றது.

“தொடலை சார். சும்மா நலம் விசாரிக்கப் போனேன்.”

“இது ஆய்வுக்கூடம். சந்தை இல்லை.”

“அதான் பார்த்தேன். சந்தையில இவ்வளவு சத்தம் இருக்காதே.”

அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாலு விரலை மடக்கி பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அண்ணி என்பது அவள் பெயரல்ல, பதவி. வாலுவின் அண்ணனைக் கட்டியவள். பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, தானாக எரிந்த கடைகளையும் தானாகக் காணாமல் போன கார்களையும் விசாரித்தவள். அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியபோது, நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு உதாரணமாக மூன்று வேலைகளை வாயாலேயே தொலைத்திருந்த முப்பத்தைந்து வயதுக் கொழுந்தனைக் கூட வைத்துக்கொண்டாள். அவன் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிடுவதைக் கேட்டு ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவளிடம் மாட்டியவர்கள் உட்பட.

“மணி ரெண்டேகால்,” என்றார் பேராசிரியர். நரைத்த புருவம் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. “நாலு மணிக்கு இந்தத் திட்டத்தை மேற்பார்க்கிற கமிட்டித் தலைவி வர்றாங்க. அவங்க கையெழுத்துப் போட்டதும் செடி எல்லாத்தையும் எரிக்கணும். மரபணு மாத்தின செடி, வெளியே விடக் கூடாது. அதுக்குள்ள உங்க வித்தையை முடிச்சுக்கிட்டுக் கிளம்புங்க. நான் உங்களைக் கூப்பிடலை. என் மாணவி, அந்தப் பொய்க்காரியோட மாமியார் கூப்பிட்டாங்க. சட்டப்படி அனுமதிக்கணும்னு சொன்னாங்க, அனுமதிச்சிருக்கேன். அவ்வளவுதான்.”

“ரொம்ப நன்றி,” என்றாள் அண்ணி, நன்றியே இல்லாமல். “அந்தப் பொண்ணு என்ன பொய் சொன்னாள்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் செடிக்குத் தண்ணி ஊத்தினாலே அது செத்துப் போகும்.”

பேராசிரியர் அனுமதிச் சீட்டில் வலது கையால் கிறுக்கிக்கொண்டே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார்.

நெல்லுக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சுவிட்ச். அதற்குப் பெயர் ப்ரமோட்டர். சில சுவிட்சுகள் எப்போதும் எரியும். சில, செடிக்குக் கஷ்டம் வந்தால் மட்டும் எரியும். தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் மட்டும் எரிகிற ஒரு சுவிட்சை இந்த ஆய்வுக்கூடம் கண்டுபிடித்திருந்தது. பஞ்சத்தைத் தாங்க வைக்கிற ஒரு மரபணுவை அதன் பின்னால் மாட்டிவிட்டால் மழை பொய்த்த வருடத்திலும் நெல் பிழைக்கும்.

“எப்பவும் எரியற சுவிட்சை மாட்டினா என்ன?” என்றாள் அண்ணி.

“செடி வளராது. சக்தி பூரா தற்காப்புக்கே போயிடும்.”

“மழை வந்தா மட்டும் குடை விரியணும் அண்ணி,” என்றான் வாலு. “நாள் பூரா விரிச்சுப் பிடிச்சுக்கிட்டே இருந்தா, அந்தக் கையால வேற வேலை எப்படிப் பார்க்கிறது?”

பேராசிரியருக்கு அந்த விளக்கம் பிடித்துவிட்டது. அது பிடித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடித் தட்டைச் சுட்டிக் காட்டினார். உள்ளே இரண்டு வரிசையாக இலைத் துண்டுகள். வரிசைக்குப் பத்து. இருபதும் மை பட்டதுபோல் நீலம்.

“சுவிட்ச் எரியுதான்னு பார்க்க, அது பின்னால ஒரு அடையாள மரபணுவை மாட்டுவோம். இலையை வெட்டி மருந்துல போட்டு ராத்திரி பூரா சூட்டுப் பெட்டியில வைப்போம். சுவிட்ச் எரிஞ்ச இலை நீலமாகும். எரியாத இலை வெளுத்துப் போகும். ரெண்டு வாரம் முன்னால மூணு நிபுணர்கள் முன்னாடி அந்தப் பொண்ணு இலை வெட்டினாள். தண்ணி விடாத செடியில பத்து, தண்ணி விட்ட செடியில பத்து. மறுநாள் காலையில திறந்தா ரெண்டும் நீலம்! அப்போ நாலு வருஷமா அவள் காட்டின வெள்ளை இலை போட்டோ எல்லாம் போலி. என் மானமும் சேர்ந்து போச்சு.”

“மானத்துக்கு என்ன மருந்து சார்? எந்தப் பெட்டியில வைக்கணும்?”

“வெளியே போ!”

*

ஆய்வுக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கத் தடை. அதனால் மாணவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காவல் போல அவள் மாமியார். ரயிலில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்க்கும்போதே கண்ணால் ஓட்டை போடுவார்.

நேற்று அண்ணியின் வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இதுதான்: “என் மருமகளுக்குப் பணிவு கிடையாது. பொறுமை கிடையாது. என் சமையல் வாயில வைக்க முடியலைன்னு நாலு வருஷமா என் மூஞ்சிக்கு நேரா சொல்றவள். அவளைத் திமிர்க்காரின்னு சொல்லு, ஒத்துக்கறேன். பொய்க்காரின்னு சொன்னவனை விட மாட்டேன்.”

“நான் இவங்களைக் கூப்பிடலை,” என்றாள் மாணவி, அண்ணி வாயைத் திறக்கும் முன்னே.

“நான் கூப்பிட்டேன்,” என்றார் மாமியார்.

“திரும்பிப் போகச் சொல்லுங்க அத்தை.”

“நாளைக்கு உங்களை நீக்கிடுவாங்க,” என்றாள் அண்ணி. “அப்புறம் எந்த ஆய்வுக்கூடமும் உள்ளே விடாது. தெரியுமா?”

“தெரியும்.”

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

மாணவி வாலுவின் கையிலிருந்த நோட்டையும் பேனாவையும் வெடுக்கென்று பிடுங்கி எழுதித் திருப்பிக் கொடுத்தாள். ‘எனக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை.’ அவள் கை ஓரத்தில் பட்டு ஈர மை பாதி எழுத்தில் இழுவியிருந்தது.

“கையெழுத்து நல்லாயிருக்கு,” என்றான் வாலு. “விஷயம்தான் கொஞ்சம் கம்மி.”

அண்ணி அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். மூலை திரும்பியதும் அவன் முணுமுணுத்தான்: “ஆத்துல முங்கறவளுக்குக் கயிறு போட்டா, கயித்தைக் கடிச்சுத் துப்பறாளே அண்ணி.”

“அதுதான் எனக்கும் இடிக்குது. செய்யாத தப்புக்குத் தண்டனைன்னா மனுஷன் கத்துவான். இவள் வாயைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காள்.”

*

பசுமைக்குடிலின் இரட்டைக் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. கறுப்புக் குழாய்கள் தொட்டிக்குத் தொட்டி ஓடின. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குழாய்களுக்கு நடுவே ஒரு மனிதர் குனிந்து நின்றார். இருபது வருடமாக இங்கே நீர் விடுகிறவர்.

“என்னைத் தண்ணிக்காரர்னு கூப்பிடுவாங்க,” என்றார். பிறகு வாலுவைப் பார்த்து விரலை நீட்டினார். “அதை வச்சு நீ சொல்லப் போற ஜோக்கை எல்லாரும் சொல்லியாச்சு. வாயை மூடிக்க.”

வாலு திறந்த வாயை மூடினான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வமான நிகழ்ச்சி.

முன் மேசையில் மஞ்சள் நாடா சுற்றி இரண்டு தட்டுகள். தட்டுக்குப் பத்துச் சின்னத் தொட்டி. ஒன்றில் ‘பாய்ச்சல்’ என்றும் மற்றதில் ‘காய்ச்சல்’ என்றும் எழுதி ஒட்டியிருந்தது.

“செடிக்குக் காய்ச்சலா? மாத்திரை குடுத்தீங்களா?”

“தண்ணி விட்டா பாய்ச்சல். நிறுத்திக் காயப் போட்டா காய்ச்சல். நெல்லு பயிர் பண்ற ஊர்ல குழந்தைக்குக் கூடத் தெரியும்,” என்று எரிந்து விழுந்தார் தண்ணிக்காரர்.

அண்ணி குனிந்து செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலுவுக்குப் பொழுது போகவில்லை. பின்சுவர் ஓரமாகப் போனான். அங்கே பெரிய தொட்டிகள் பன்னிரண்டு, ஜோடி ஜோடியாக. எல்லாவற்றிலும் கதிர் வந்திருந்தது.

“அண்ணி, இங்க பாதி தலையைக் குனிஞ்சு நிக்குது. பாதி மிலிட்டரிக்காரன் மாதிரி விறைப்பா நிக்குது. குனிஞ்சதெல்லாம் கல்யாணம் ஆனதா?”

“அதுல கை வைக்காதே!” தண்ணிக்காரர் ஓடி வந்தார். “ஜோடியில ஒண்ணு சாதா நெல்லு. இன்னொண்ணு நிஜமான சுவிட்ச் நெல்லு. முன்னால இருக்கிறது சாயம் பார்க்கிறதுக்கு. இந்த ரகத்து விதைதான் மூட்டை கட்டி வச்சிருக்கு, அடுத்த மாசம் இருநூறு விவசாயிங்களுக்குப் போறதா இருந்தது. இப்போ எல்லாம் நின்னு போச்சு. இதையும் சேர்த்து எரிக்கச் சொல்லிட்டார்.”

“இதையுமா?” அண்ணி நிமிர்ந்தாள். “கேஸ் முன்வரிசை மேலதானே?”

“எனக்கு வந்தது ஆர்டர். காரணம் வரலை.”

அண்ணி போனை எடுத்து முன்வரிசைச் செடிகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். “வாலு, இங்க வா. பாய்ச்சல் தட்டுல எத்தனை இலை வெட்டியிருக்கு? எண்ணு.”

“பத்துச் செடி. செடிக்கு ஒண்ணு. பத்து.”

“காய்ச்சல் தட்டுல?”

வாலு எண்ணினான். நிறுத்தினான். திரும்ப எண்ணினான். “இருபது! ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?”

“நிபுணர்கள் முன்னால வெட்டினது செடிக்கு ஒரு இலை. அதுக்கு மூணு சாட்சி. மீதிப் பத்து எங்கே போச்சு?”

வாலுவின் கண் விரிந்தது. “தண்ணி விட்ட செடியோட இலையை எடுத்துத் தூரப் போட்டுட்டு, தண்ணி விடாத செடியில இன்னும் பத்து வெட்டி அந்த மருந்துல போட்டுட்டாங்க! அதனாலதான் ரெண்டு வரிசையும் நீலம்! சுவிட்ச் மேல தப்பே இல்லை!”

“சூட்டுப் பெட்டி இருக்கிற அறைக்கு எத்தனை சாவி?” என்று தண்ணிக்காரரிடம் கேட்டாள் அண்ணி.

“மூணு. புரொபசர்கிட்ட ஒண்ணு. அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு. அவளோட பக்கத்து மேசைக்காரர்கிட்ட ஒண்ணு.”

*

பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோர மேசையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அது மாணவியின் மேசை. அவள் நாளைக்குத்தான் நீக்கப்படப் போகிறாள்.

“காத்தோட்டமா இருக்கு,” என்றான் வாலு. “பிணம் விழறதுக்குள்ள கட்டிலைப் பிடிச்சுட்டீங்களே.”

“அவள் ஒரு தலைக்கனம். போனது நல்லது. நீங்க என்ன போலீஸா? கேள்வி கேட்க உங்களுக்கு என்ன உரிமை?”

“கேள்வி இல்லை. ஒரு உதவி,” என்றாள் அண்ணி. ஜன்னலில் அவர் வளர்த்த நெல்தொட்டியைக் காட்டினாள். “இதுல ஒரு இலையைக் கத்தரிச்சுக் காட்டுங்க. எப்படி வெட்டறதுன்னு எனக்குத் தெரியணும்.”

“இதுக்குத்தான் வந்தீங்களா? பைத்தியம்.”

வெட்டிக் காட்டினார். வலது கையில் கத்தரிக்கோல், இடது கையில் இலை நுனி. அண்ணி வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி வெட்டைப் பார்த்தாள்.

“நீங்க இல்லை,” என்றாள்.

“என்ன நான் இல்லை?”

“எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. வா, வாலு.”

மாடிப்படி இறங்கும்போது வாலு பொறுக்க முடியாமல் வழியை மறித்தான். “அவன்தான் அண்ணி! மேசைக்காக ஆளைக் கொல்ற முகம் அது!”

அண்ணி போனை நீட்டினாள். “பாரு. பாய்ச்சல் தட்டு. எல்லார் முன்னாலயும் அவள் வெட்டினது. வெட்டு எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு?”

“இடது பக்கம்.”

“இப்போ அந்த ஆள் வெட்டினது வலது பக்கம் சரிஞ்சது. புரொபசரும் வலது கையாலதான் கையெழுத்துப் போட்டார். இப்போ காய்ச்சல் தட்டைப் பாரு. இருபது வெட்டு.”

வாலு படத்தைப் பெரிதாக்கினான். ஒவ்வொன்றாகத் தள்ளினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு படத்துக்குப் படம் குறைந்துகொண்டே வந்தது.

“இருபதும் இடது பக்கம்.”

“இருபதும் ஒரே கை. உன் நோட்டுல மை ஏன் இழுவியிருக்கு? எழுதின எழுத்து மேலேயே கை போச்சு. இடது கைக்காரங்களுக்கு அப்படித்தான் ஆகும்.”

“தன் வீட்டுக்குத் தானே கொள்ளி வைப்பாங்களா அண்ணி?”

“இன்சூரன்ஸ்ல நான் பார்த்ததே அந்த மாதிரி கேஸ்தான். ஆனா அதுல எல்லாம் வைக்கறவனுக்கு ஒரு லாபம் இருக்கும். இவளுக்கு என்ன லாபம்?”

*

“நீதான் இலையை மாத்தினே,” என்றாள் அண்ணி. பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். மரியாதையெல்லாம் போயிருந்தது.

மாமியார் எழுந்துவிட்டார். “என்ன பேச்சு பேசறீங்க? இதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? என் மருமகளைப் பார்த்து...”

“உட்காருங்க அத்தை,” என்றாள் மாணவி. “நான்தான் மாத்தினேன்.”

மாமியார் உட்காரவில்லை.

“ஏன்?” என்றாள் அண்ணி.

“சுவிட்ச் இலையில சரியாத்தான் வேலை செய்யுது. ஆனா கதிர் வர்ற நேரத்துல வெயில் கொஞ்சம் ஏறினா போதும். செடி தண்ணியில நிக்கும்போதே சுவிட்ச் எரிய ஆரம்பிச்சிடுது. பஞ்சம் வந்துடுச்சுன்னு நினைச்சுச் செடி எல்லாத்தையும் மூடிக்குது. கதிருக்குப் பால் போகாது. ஆறு மாசம் முன்னால நான் கண்டுபிடிச்சேன். நோட்டுல எழுதி அவர்கிட்டக் காட்டினேன். நோட்டை வாங்கி அலமாரியில வச்சுப் பூட்டிட்டார். ‘எனக்கு ஓய்வுக்கு எட்டு மாசம்தான் இருக்கு. விதை போகட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்’னு சொன்னார்.”

“கமிட்டிக்கு எழுதியிருக்கலாமே?”

“எழுதினேன்! மாணவி எழுதற கடிதம் வழிகாட்டி மூலமாத்தான் வரணும்னு அவர்கிட்டேயே திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் என் முன்னாலேயே கிழிச்சார்.” அவள் இப்போது கத்தினாள். “இருநூறு குடும்பம். ஒரு போகம் பூரா உழுது, நட்டு, களை எடுத்து, கடைசியில பதர் அறுக்கணுமா? உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் கேட்கலை. தண்ணி விட்ட செடி நீலமாச்சுன்னு பொய்யைக் காட்டினேன், அன்னிக்கே திட்டத்தை நிறுத்திட்டாங்க! இப்போ நீங்க போய் ‘சுவிட்ச் சரிதான், இவள்தான் மாத்தினாள்’னு சொல்லுங்க. நாளைக்கே விதை மூட்டை கிளம்பிடும். அதனாலதான் போகச் சொன்னேன். போனீங்களா?”

வாலு நோட்டை மூடினான்.

மாமியார் மருமகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பாரோ என்று வாலு நினைத்தான். அவர் குனிந்து அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டினார்.

“எழுந்திரு.”

“அத்தை...”

“நல்ல காரியத்துக்குத்தான் போனே. ஆனா டிக்கெட் இல்லாம ஏறிட்டே. கல்யாணத்துக்குப் போறவனா இருந்தாலும் நான் அபராதம் போடாம விட்டதில்லை. போய் உன் வாயால சொல்லு. நானும் வரேன்.”

“சொன்னா விதை போயிடும் அத்தை! நோட்டு அவர்கிட்ட இருக்கு. என்கிட்ட ஆதாரமே இல்லை.”

“கதிருக்குப் பால் போகாதுன்னு சொன்னியே,” என்றாள் அண்ணி மெதுவாக. “பால் பிடிக்காத கதிர் எப்படி நிக்கும்?”

“நிமிர்ந்து நிக்கும். கனமே இருக்காதே, எப்படிக் குனியும்?”

அண்ணியும் வாலுவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“மிலிட்டரிக்காரன்!” என்றான் வாலு.

“பின்வரிசையை ஏன் எரிக்கணும்னு இப்போ புரியுதா? மணி என்ன?”

“மூணரை. நாலு மணிக்குத்தானே எரிக்க...”

வாலு பேச்சை நிறுத்தினான். வராந்தாவுக்கு வெளியே, பசுமைக்குடிலுக்குப் பின்னாலிருந்து சாம்பல் நிறப் புகை எழுந்துகொண்டிருந்தது.

*

எரிஉலையின் இரும்புக் கதவு திறந்திருந்தது. தண்ணிக்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செடிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். முன்வரிசைத் தட்டுகள் இரண்டும் போய்விட்டன. வெறும் தொட்டிகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. பின்வரிசையில் நாலு ஜோடி போயாகிவிட்டது. மிச்சம் இரண்டு ஜோடி.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள் அண்ணி.

“புரொபசர் சீக்கிரம் முடிக்கச் சொல்லிட்டார். தள்ளிப் போங்க. மேல பட்டா நான் பொறுப்பில்லை.”

வாலு மிச்சத் தொட்டிகளுக்கும் உலைக்கும் நடுவே போய் நின்றான். “என்னையும் சேர்த்துப் போடுங்க. என் அண்ணனுக்குச் செலவு மிச்சம்.”

“அடிச்சுடுவேன், நகரு!”

“அடிங்க,” என்றாள் அண்ணி. “அதுக்கு முன்னால ஒரே ஒரு கதிரைக் கையில கசக்குங்க. அந்த நிமிர்ந்து நிக்கிற கதிர். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நானே எடுத்து உள்ளே போடறேன்.”

தண்ணிக்காரர் அவளை முறைத்தார். இவர்களை ஒழித்துக்கட்ட அதுதான் குறுக்கு வழி என்று தோன்றியதோ என்னவோ, ஒரு கதிரை உருவி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். ஊதினார்.

உமி பறந்தது. கையில் ஒரு மணி இல்லை.

இன்னொரு கதிரை உருவினார். தேய்த்தார். ஊதினார். இரண்டு அரிசி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்து நின்ற சாதா நெல்லில் ஒரு கதிரை எடுத்துத் தேய்த்தார். உள்ளங்கை நிறைய மணிகள்.

அவர் முகத்திலிருந்த துண்டை அவிழ்த்தார். “ரெண்டுக்கும் ஒரே குழாய். ஒரே நாள் நட்டது. ஒரு வேளை கூடத் தண்ணி தவறினதில்லை,” என்றார். பிறகு உலைக் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினார். “பதருக்கா இத்தனை நாள் தண்ணி ஊத்தினேன்?”

“யார் கதவைச் சாத்தச் சொன்னது?”

பேராசிரியர் வேகமாக வந்தார். பின்னால் கமிட்டித் தலைவி. குள்ளமான பெண்மணி. பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராகப் பிடித்திருந்தார். எரிச்சலில் அவர் யாருக்கும் குறைந்தவராகத் தெரியவில்லை.

“நாலு மணிக்குன்னு சொல்லிட்டு மூணரைக்கே எரிச்சா நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? இவங்கெல்லாம் யார்?”

“மேடம், இவங்க வேலைக்கு இடைஞ்சல்...”

“இந்தக் கையைப் பாருங்கம்மா,” என்று தண்ணிக்காரர் குறுக்கே புகுந்து இரண்டு கையையும் நீட்டினார். “இது சாதா நெல்லு. இது இவரோட நெல்லு.”

தலைவி பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“வெயில்ல எந்த நெல்லும் பதராகும்!” என்றார் பேராசிரியர். “ஒரு தண்ணி ஊத்தறவன் பேச்சைக் கேட்டு...”

“பக்கத்துத் தொட்டிக்கும் அதே வெயில்தானே சார்?” என்றான் வாலு. “அது மட்டும் குடை பிடிச்சுக்கிட்டிருந்ததா?”

அண்ணி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். கதிர், வெயில், பூட்டின நோட்டு, கிழித்த கடிதம். இலை மாறியதையும் சொன்னாள். யார் என்று மட்டும் சொல்லவில்லை.

“இலையை மாத்தினது யாரு?” என்றார் தலைவி.

“வெட்டு இருந்த செடியெல்லாம் இப்போதான் எரிஞ்சு போச்சு,” என்றாள் அண்ணி. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “எனக்குச் சொல்ல விருப்பமில்லை.”

“நான்தான் மாத்தினேன்.”

மாணவி முன்னால் வந்தாள். மாமியார் ஒரு அடி பின்னால் நின்றார். அவளைத் தள்ளவுமில்லை, தாங்கவுமில்லை.

பேராசிரியருக்கு உயிர் வந்தது. “கேட்டீங்களா மேடம்! அவளே ஒத்துக்கிட்டாள்! அப்போ என் சுவிட்ச்ல குறையே இல்லை. திட்டத்தை உடனே...”

“குறை இல்லாத சுவிட்சுக்கு ஏன் கதிர்ல அரிசி இல்லை?” தலைவியின் குரல் உயரவில்லை. “அலமாரிச் சாவி.”

“அது என் சொந்த...”

“சாவி.”

அவர் சட்டைப் பையில் கை விட்டு வெகுநேரம் தேடினார். அவ்வளவு சின்னப் பையில் தேட அவ்வளவு நேரம் ஆகாது. கடைசியில் சாவியைக் கொடுத்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. “எட்டு மாசம்,” என்று முணுமுணுத்தார். “எட்டே மாசம்.”

தண்ணிக்காரர் போய் நோட்டை எடுத்து வந்தார். தலைவி உலைச் சுவரில் சாய்ந்தபடியே பதினைந்து நிமிடம் படித்தார். பிறகு எரிக்கும் உத்தரவின் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

“மிச்சத் தொட்டி நாலும் என் பொறுப்பு. விதை ஒரு மணி கூட வெளியே போகாது. சார், நீங்க வீட்டுக்குப் போங்க. விசாரணைக்குக் கடிதம் வரும்.” மாணவி பக்கம் திரும்பினார். “நீ. நிபுணர்கள் முன்னால பொய் காட்டினே. காரணம் நல்லதா இருக்கலாம். நாளைக்கு இன்னொருத்தன் கெட்ட காரணத்துக்கு இதையே செய்வான். ஒரு வருஷம் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது.”

“சரி,” என்றாள் மாணவி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பினது என் ஆபீஸ். அதை நான் மறக்க மாட்டேன். ஒரு வருஷம் கழிச்சு வரும்போது, வெயிலுக்கு எரியாத சுவிட்சா ஒண்ணு கண்டுபிடிக்க என்ன செய்யணும்னு யோசிச்சுட்டு வா.”

மாணவி அவர் கையிலிருந்த நோட்டை வாங்கினாள். கடைசிப் பக்கங்களைப் புரட்டி, விரித்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“யோசிச்சாச்சு மேடம். ரெண்டு இருக்கு.”